பிள்ளை பிறக்கும் முன்பே பேசி முடிப்போம்: தாய்ப்பாலுக்கான முன்னேற்பாடு



எட்டாம் மாதம் முடிவதற்குள் நம் வீடுகளில் மருத்துவமனைக்குப் போகும் பை தயாராகிவிடும். துவைத்து வைத்த பழைய பருத்தித் துணிகள், துண்டு, ஃப்ளாஸ்க், சோப்பு, பவுடர் எல்லாம் இருக்கும். ஓரத்தில் ஒரு சிறிய தேன் பாட்டிலும் கொஞ்சம் சீனியும் இருக்கும். துபாயிலோ மலேசியாவிலோ இருக்கும் சொந்தக்காரர் கொடுத்தனுப்பிய பால் பவுடர் டின் ஒன்றும், "எதற்கும் இருக்கட்டும்" என்று உள்ளே போய்விடும்.

எல்லாமே பாசத்தில் வைப்பதுதான். ஆனால் பிறந்த பிள்ளை முதல் நாள் இரவு வீறிட்டு அழும்போது, கைக்கு எட்டுவது எதுவோ அதுதான் அதன் வாய்க்குள் போகிறது. பெற்றவள் வலியிலும் மயக்கத்திலும் கிடப்பாள். அந்த நேரத்தில் முடிவெடுப்பவர்கள் உம்மாவோ, மாமியாரோ, ராத்தாவோதான். "பால் இன்னும் ஊறவில்லை" என்று ஒருவர் சொல்ல, டின் திறக்கப்படும். அங்கே தொடங்கும் புட்டி பல வீடுகளில் பிறகு நிற்பதே இல்லை.

2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையிலேயே நடக்கின்றன. அப்படியிருந்தும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் பத்தில் ஆறு பேர்தான். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் ஏறத்தாழ 55 சதவீதம். நாட்டின் சராசரியோ 64 சதவீதம் அளவில் இருக்கிறது. மருத்துவமனையும் மருத்துவரும் அருகில் இருக்கும் நம் மாநிலம் இதில் பின்தங்கி நிற்கிறது.

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறப்பது வழக்கம் என்பது நம் பகுதியில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதற்கு முன்பே ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வாரி வைக்கவில்லை என்றால், திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராது. தாய்ப்பாலும் இப்படித்தான். பால் அல்லாஹ்வின் ஏற்பாடு. அது பிள்ளையிடம் போய்ச் சேரும் வழியை அடைக்காமல் வைப்பது நம் வேலை. பிரசவத்துக்கு முன்பே வீட்டார் கூடிப் பேசி முடித்திருந்தால் அடைப்புகளில் பெரும்பாலானவை வராது.

பால் எப்போது வருகிறது?

"பால் ஊறவில்லை" என்ற பேச்சில் ஒரு தவறு இருக்கிறது. கர்ப்பத்தின் நான்காம், ஐந்தாம் மாதத்திலிருந்தே மார்பில் சீம்பால் உருவாகத் தொடங்கிவிடுகிறது. பிள்ளை பிறக்கும்போது அது தயாராகவே இருக்கும். அளவுதான் குறைவு. முதல் நாளில் ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி வந்தாலே பெரிது. பிறந்த குழந்தையின் இரைப்பையும் ஏறத்தாழ அந்த அளவையே கொள்ளும். ஆகவே அந்தச் சிறிய அளவு பற்றாக்குறை ஆகாது.

சீம்பால் மஞ்சளாகவும் கெட்டியாகவும் இருப்பதால், "கெட்ட பால், பீய்ச்சி வெளியே விடு" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் சிலர் உண்டு. பசு ஈன்றதும் அதன் சீம்பாலுக்கு எத்தனை வீடுகளில் சொல்லி வைக்கிறோம்! கன்றுக்கு அது கிடைக்காவிட்டால் கன்று தேறாது என்பதும் மாடு வளர்ப்பவர்களுக்குத் தெரியும். மாட்டின் சீம்பாலுக்குக் கொடுக்கும் மதிப்பைத் தாயின் சீம்பாலுக்கும் கொடுப்போம். நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் செறிவாக இருக்கிறது. பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து அதுதான் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

நஞ்சுக்கொடி வெளியேறிய பிறகு, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பால் பெருகும். அதன் பின் பாலின் அளவைத் தீர்மானிப்பது பிள்ளை குடிக்கும் அளவுதான். ஆற்று மணலில் தோண்டிய ஊற்றைப் போல, எடுக்க எடுக்கவே சுரக்கும். ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்தால் அந்த வேளை மார்பில் பால் இறங்காது. உடலும் "இவ்வளவு போதும்" என்று சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பால் போதவில்லை என்று நினைத்துக் கொடுக்கும் டின் பாலே, பால் உண்மையில் குறைவதற்குக் காரணமாகிவிடுகிறது.

முதல் ஒரு மணி நேரம்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. பிறந்த பிள்ளையைத் துடைத்து, தாயின் வெறும் மார்பின்மேல் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்தினால் பிள்ளையின் உடல் சூடு நிலைக்கும். பிள்ளை தானாகவே காம்பைத் தேடும். முதல் ஒரு மணி நேரம் பிள்ளை விழிப்போடு இருக்கும். அதற்குப் பிறகு நெடுநேரம் தூங்கிவிடும். அதனால்தான் அந்த நேரத்தைத் தவற விடக்கூடாது.

ஆனால் அதே நேரத்தில்தான் வெளியே நாமும் காத்திருக்கிறோம். பாங்கு சொல்ல வேண்டும், தஹ்னீக் செய்ய வேண்டும், எல்லோரும் பார்க்க வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவுக்கு வீடியோ காலில் காட்ட வேண்டும். இவை எல்லாமே மகிழ்ச்சியான காரியங்கள். வரிசையை மட்டும் மாற்றிக்கொள்வோம். தாயின் மார்பில் பிள்ளை கிடக்கும்போதே அருகில் நின்று மெல்லிய குரலில் பாங்கு சொல்ல முடியும். பிரசவ அறைக்குள் ஆண்களை விடவில்லை என்றால், முதல் தடவை பால் குடித்த பிறகு பிள்ளையை வாங்கிச் சொல்லலாம். வீடியோ காலும் அதற்குப் பிறகுதான்.

தஹ்னீக் நபி (ஸல்) அவர்களின் வழிமுறை. ஹிஜ்ரத்துக்குப் பின் பிறந்த அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று வாயில் வைத்த செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. அதைச் செய்ய விரும்பும் குடும்பத்தார் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது வயிறு நிரப்பும் உணவு அல்ல. நோயில்லாத ஒருவர், கையை நன்றாகக் கழுவி, மிருதுவான பழச் சாற்றை விரல் நுனியால் மேலண்ணத்தில் இலேசாகத் தொட்டு வைத்தால் போதும். தொண்டையில் சிக்கும்படி சக்கையோ துண்டோ போகக்கூடாது. குறைமாதப் பிள்ளைக்கும் தீவிர சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்கும் மருத்துவர் அனுமதிக்காமல் செய்ய வேண்டாம்.

தேன் மட்டும் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி வித்துகள் கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து மூச்சுவிடவே சிரமப்படும் நோய் அதனால் வரலாம். ஒரு வயது முடியும் வரை தேன் வேண்டாம் என்பது உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. சீனித் தண்ணீர், கழுதைப்பால், உரை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் தேவையில்லை. கத்திரி வெயிலிலும் தனியாகத் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

சிசேரியன் என்றால்

தமிழ்நாட்டில் நூற்றில் 45 பிரசவங்கள் சிசேரியன். அதனால் "நமக்கு அப்படி நடந்தால்?" என்று முன்கூட்டியே யோசிப்பது நல்லது. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழிப்போடுதான் இருப்பாள். அவளும் பிள்ளையும் நலமாக இருந்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே பால் கொடுக்கலாம். தாய் மல்லாந்து படுத்திருக்க, உடன் இருப்பவர் பிள்ளையை அவள் மார்போடு அணைத்துப் பிடிக்க வேண்டும். முழு மயக்கம் கொடுத்திருந்தால் தாய் தெளிந்ததும் தொடங்கலாம். பால் பெருகுவது ஒரு நாள் தாமதமாகலாம். அதற்காக மனம் தளர வேண்டாம்.

வார்டில் தாயோடு இருக்கப் பெரும்பாலும் ஒருவரைத்தான் அனுமதிப்பார்கள். அந்த ஒருவர் யார் என்பதை எட்டாம் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். வயதில் மூத்தவர் என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டாம். தன் பிள்ளைகளுக்குத் தாய்ப்பால் கொடுத்து வளர்த்தவராக, பதறாதவராக, "இவளுக்குப் பால் இல்லை" என்று சொல்லாதவராக இருக்கட்டும். பரிசோதனைக்குப் போகும்போது அவரையும் ஒரு முறை கூட்டிச் சென்றால் நர்ஸ் சொல்வதை நேரில் கேட்டுக்கொள்வார்.

உடலைத் தயார் செய்வது

காம்பைத் தேய்ப்பது, துண்டால் உரசுவது, எண்ணெய் போட்டு இழுப்பது எதுவும் வேண்டாம். பிரசவத்துக்கு முன் காம்பைத் தூண்டினால் கர்ப்பப்பை சுருங்கவும் கூடும். குளிக்கும்போது காம்பில் சோப்பு போடாமல் வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

காம்பு உள்வாங்கி இருந்தால் கூச்சப்படாமல் பரிசோதனையின்போது மருத்துவரிடமோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ காட்டுங்கள். பிள்ளை குடிப்பது காம்பை மட்டும் அல்ல. அதைச் சுற்றிய கருவட்டத்தையும் சேர்த்தே கவ்வுகிறது. ஆகவே உள்வாங்கிய காம்புடைய தாய்மார்களும் சரியான உதவி கிடைத்தால் பால் கொடுக்கிறார்கள். முதல் நாளிலிருந்தே அந்த உதவி தேவை என்பதால்தான் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

சர்க்கரை, தைராய்டு, இரத்தசோகை இருப்பவர்களும், மார்பில் முன்பு அறுவை சிகிச்சை செய்தவர்களும், தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்களும் இதை மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ள தாய்க்குப் பால் பெருகச் சற்றுத் தாமதமாகலாம். அவள் பிள்ளைக்குப் பிறந்ததும் சர்க்கரை அளவு குறையவும் வாய்ப்புண்டு. இப்படிப்பட்டவர்கள் 36 வாரத்துக்குப் பின் சீம்பாலைக் கையால் எடுத்துச் சேமிக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். அவர் சொல்லாமல் நீங்களாகச் செய்ய வேண்டாம்.

கையால் பால் எடுக்கும் முறையை எல்லாத் தாய்மார்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. கையைக் கழுவிவிட்டு, கட்டைவிரல் மேலேயும் ஆட்காட்டி விரல் கீழேயுமாகக் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, நெஞ்சை நோக்கி அழுத்தி, விரல்களை ஒன்றை நோக்கி ஒன்று அமுக்கி, விட வேண்டும். காம்பை இழுக்கக்கூடாது. எடுத்த பாலை மூடிய சுத்தமான பாத்திரத்தில் அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், ஃபிரிட்ஜில் 24 மணி நேரமும் வைத்துக் கொடுக்கலாம். நம் ஊர்க் கோடையில் 4 மணி நேரம் வரை காத்திருக்காமல் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவதே நல்லது.

போதுமான பால் கிடைக்கிறதா?

அழுகையை மட்டும் வைத்துப் பசி என்று முடிவு செய்யக்கூடாது. தலையைத் திருப்பித் தேடுவதும், கையை வாயில் வைத்துச் சப்புவதும்தான் பசியின் முதல் அடையாளங்கள். அழுகை கடைசியில்தான் வரும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிப்பது இயல்பு, இரவிலும் குடிக்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் பால் போதுமானதாக இருக்கிறது. முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்புவது வழக்கம். சிறுநீர் குறைந்தாலும், மஞ்சள் காமாலை கூடினாலும், பிள்ளை சோர்ந்து எழுப்பியும் குடிக்காவிட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவக் காரணத்துக்காக அவர் வேறு பால் கொடுக்கச் சொன்னால் கொடுப்பதில் குற்ற உணர்வு வேண்டாம். அதோடு, தாய்ப்பாலைத் தொடரும் வழியையும் அவரிடமே கேளுங்கள்.

தாயின் சாப்பாடு

பூண்டும் பால்சுறாப் புட்டும் செய்து கொடுப்பது நம் கடற்கரை ஊர்களில் பழக்கம். நல்ல உணவுதான், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பால் சுரப்பது முதன்மையாகப் பிள்ளை குடிப்பதால்தான். "வயிறு பெருத்துவிடும்" என்று பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பதும், காய்கறியையும் பழத்தையும் ஒதுக்கிப் பத்தியம் என்று வாட்டுவதும் தவறு. தாகத்துக்குத் தண்ணீரும், பசிக்குச் சோறும், மீனும், முட்டையும், கீரையும் அவளுக்கு வேண்டும்.

ரமலான் நெருங்கினால் நோன்பைப் பற்றியும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். பிரசவ இரத்தம் இருக்கும் நாட்களில் நோன்பு இல்லை. அதற்குப் பின்னும், பாலூட்டும் தாய் தனக்கோ பிள்ளைக்கோ பாதிப்பு வரும் என்று அஞ்சினால் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. களாச் செய்வது எப்படி என்பதை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வாப்பாவின் பங்கு

பாலூட்டுவதைப் பற்றிப் பேசும் அல்பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் தாயைப் பற்றி மட்டும் பேசவில்லை. முழுமையாகப் பாலூட்ட விரும்புவோருக்கு இரண்டு ஆண்டு காலத்தைச் சொல்லும் அதே வசனம், அந்தத் தாய்க்கு உணவும் உடையும் முறைப்படி கொடுப்பதைத் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பிள்ளையை முன்வைத்துத் தாயையோ தந்தையையோ துன்புறுத்தக்கூடாது என்கிறது. பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரும் மனம் ஒப்பி ஆலோசித்துச் செய்யச் சொல்கிறது.

நிறுத்துவதற்கே ஆலோசனை வேண்டும் என்றால், தொடங்குவதற்கு எவ்வளவு வேண்டும்! சவூதியிலோ சிங்கப்பூரிலோ இருந்தாலும் கணவர் இதில் ஒதுங்கிவிட முடியாது. ஒன்பதாம் மாதத்தில் ஒரு நாள் தன் தாயிடமும் மாமியாரிடமும் போனில், "பால் பவுடர் வேண்டாம், அவள் கொடுக்கட்டும், நீங்கள் கொஞ்சம் தைரியம் சொல்லுங்கள்" என்று அவர் சொல்லிவிட்டால், வார்டில் பேசத் தெம்பில்லாமல் கிடக்கும் பெண்ணுக்கு அதுவே பெரிய துணை. ஊரில் இருப்பவர் வீட்டு வேலைக்கு ஆள் ஏற்பாடு செய்யலாம். பிள்ளை பார்க்க வரும் கூட்டத்தை முதல் வாரத்தில் கட்டுப்படுத்தலாம். அறையில் எந்நேரமும் ஆட்கள் இருந்தால் கூச்சப்படும் பெண் எப்படிப் பால் கொடுப்பாள்?

கூச்சத்துக்கும் வழி இருக்கிறது. பையில் ஒரு பழைய துப்பட்டியை மடித்து வையுங்கள். வார்டில் திரை கேட்டால் நர்ஸ் வைத்துத் தருவார். வெளியூர்ப் பயணத்துக்கு, 2015 முதல் தமிழகப் பேருந்து நிலையங்களில் அரசு அமைத்திருக்கும் பாலூட்டும் அறைகளைப் பயன்படுத்தலாம்.

டின் விஷயத்தில் சட்டமே தாயின் பக்கம் இருக்கிறது. 1992-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட குழந்தைகள் பால் மாற்றுப் பொருள் சட்டப்படி, பால் பவுடருக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்வதும், தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுப்பதும் குற்றம்.

பால் வங்கி: முன்பே கேட்டு வையுங்கள்

இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கியது. நம் பகுதியில் தஞ்சாவூர் ராசா மிராசுதார் அரசு மருத்துவமனையிலும் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. பால் மிகுதியாக உள்ள தாய்மார்களைப் பரிசோதித்து, அவர்கள் தரும் பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்கி உறைய வைத்து, தாயின் பால் கிடைக்காத குறைமாத, எடை குறைந்த பிள்ளைகளுக்குக் கொடுப்பதே பால் வங்கிகளின் பணி. அத்தகைய பிள்ளைகளின் குடலைத் தாக்கும் கொடிய அழற்சி நோய், பால் பவுடர் குடிப்பவர்களைவிடத் தாய்ப்பால் குடிப்பவர்களுக்குக் குறைவாகவே வருகிறது.

நமக்கு இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பால்குடி உறவு திருமணத்தைத் தடுக்கும் உறவு. ஷாஃபி மத்ஹபில் ஐந்து தனித்தனித் தடவை குடித்தால் அந்த உறவு ஏற்படும்; ஹனஃபி மத்ஹபில் சிறிதளவே போதும். டெல்டாவில் இரண்டு மத்ஹபினரும் இருக்கிறோம். வங்கியில் பல தாய்மார்களின் பால் கலக்கப்படுவதால், யார் பால் என்று தெரியாமல் போகும் என்ற அடிப்படையில் இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985-இல் பால் வங்கிகளை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில் 2004-இல் தேவையுள்ள குறைமாதப் பிள்ளைகளுக்கு அதை அனுமதித்தது. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள விஷயம் இது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டு இதைப் பேச நேரம் இருக்காது. ஆகவே உங்கள் ஊர் ஆலிமிடம் இப்போதே கேளுங்கள். பிள்ளையின் உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் சொன்னால் என்ன செய்வது, கொடுத்த தாயின் விவரத்தைக் கேட்டுக் குறித்து வைக்க முடியுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இதைவிட முக்கியமானது, பிள்ளை உள்ளே இருந்தாலும் தாய் பிரசவமான சில மணி நேரத்துக்குள்ளேயே கையால் பால் எடுக்கத் தொடங்குவது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை எடுத்தால் சுரப்பு நிற்காது. பெற்றவளின் பால் கிடைத்துவிட்டால் வங்கியின் கேள்வியே பெரும்பாலும் எழாது.

பிரசவத்துக்கு முன் செய்து முடிக்க வேண்டியவை

1. ஏழாம், எட்டாம் மாதப் பரிசோதனையில் மார்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சர்க்கரையும் இரத்த அளவும் பார்த்து, சாப்பிடும் மாத்திரைகளின் பெயரைச் சொல்லி வையுங்கள்.

2. "பிறந்ததும் பிள்ளையை என் மார்பில் வையுங்கள், கேட்காமல் புட்டிப்பால் கொடுக்க வேண்டாம்" என்று மருத்துவரிடமும் நர்ஸிடமும் சொல்லி, பிரசவ அட்டையிலும் எழுதச் சொல்லுங்கள்.

3. வார்டில் உடன் இருப்பவர் யார், வீட்டு வேலைக்கு யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

4. உம்மா, மாமியார், கணவர் மூவரோடும் ஒரு முறை உட்கார்ந்து பேசுங்கள். பாங்கு, தஹ்னீக், பிள்ளை பார்க்க வருபவர்கள் என்று எல்லாவற்றையும் அதில் பேசிவிடுங்கள்.

5. பால் கொடுத்து வளர்த்த ஒரு சகோதரியிடம் போய், அவர் பிள்ளையை எப்படி அணைத்துக் கொடுக்கிறார் என்று பாருங்கள். எந்தப் புத்தகத்தையும்விட அது நன்றாகப் புரியவைக்கும்.

6. கடைசியாக, பையைத் திறந்து தேன் பாட்டிலையும் சீனியையும் டின்னையும் வெளியே எடுத்து வையுங்கள்.

பால் கொடுக்க முயன்று முடியாமல் போன தாய்மார்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. நபி (ஸல்) அவர்களே ஹலீமா (ரலி) அவர்களிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள்தான்.

பிள்ளையைச் சுமக்கும் எல்லாச் சகோதரிகளுக்கும் இலேசான பிரசவத்தையும், நலமான பிள்ளையையும், நிறைவான பாலையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.